தானாக அணையும் கம்ப்யூட்டர்: சூடா, கரண்டா, பாகக் கோளாறா?

வேலை நடுவே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் டெல்லியில் முதலில் வரும் பதில் "ஃபார்மேட் போடுங்க". அதில் சரியாகவில்லை என்றால் "ரேம் போயிருக்கும்". அதிலும் ஆகவில்லை என்றால் "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க". கரோல் பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் நம் ஆட்கள் பலர் இந்த மூன்று படியையும் வரிசையாக ஏறி, விசிறியில் அடைத்திருந்த தூசிக்காகப் புது மெஷின் வாங்கியிருக்கிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது. இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அது எப்போது அணைகிறது? ஆன் செய்த சில நொடிகளிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா, கேம் திறந்ததுமா, பக்கத்து அறை ஏசி ஓடத் தொடங்கும்போதா, அல்லது எந்த ஒழுங்கும் இல்லாமலா? மே மாதம் தொல்லை கொடுத்த மெஷின் ஜனவரியில் ஒழுங்காக ஓடியதா? அணைந்த நேரத்தையும் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் பக்கத்திலேயே வையுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துப் படிக்க வேண்டியது.

எதையும் கழற்றுவதற்கு முன்

முதல் வேலை பேக்கப். மெஷின் இப்போது ஓடுகிறது என்றால் இப்போதே படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். கோளாறு ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் ஒவ்வொரு தடவை அணைந்து எழும்போதும் அது இன்னும் கெடும், நீங்கள் சோதனை செய்யச் செய்ய உங்கள் பிள்ளையின் சின்ன வயது வீடியோ போய்க்கொண்டிருக்கும். பாகத்தைப் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம், இதை வாங்க முடியாது.

அப்புறம் விண்டோஸிடமே கேளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்தால் "ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி" என்று ஒரு பகுதி இருக்கும், அதில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் ஓடி மறையாமல் நிற்கும், மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். (2025-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் 11-ல் அது நீலமாக இல்லாமல் கறுப்பாக வருகிறது, சமாச்சாரம் ஒன்றுதான்.) இன்னொரு பக்கம், "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடினால் எந்தத் தேதியில் என்ன விழுந்தது என்று காலண்டர் மாதிரி ஒரு படம் வரும். அதிலேயே பல விஷயம் தெரிந்துவிடும்.

விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் சிவப்பாக "கெர்னல் பவர் 41" என்று ஒன்று கண்ணில் படும். அதைப் பார்த்துப் பயந்து எஸ்எம்பிஎஸ் (உள்ளே பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றியவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அந்த 41 வேறு எதையும் சொல்வதில்லை. பிளக்கை நீங்களே பிடுங்கினாலும் அதேதான் பதிவாகும். அதன் டீடெயில்ஸ் பகுதியில் "பக்செக் கோட்" என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்கவில்லை என்று பொருள்: கரண்ட் போயிருக்கலாம், சூட்டில் அணைந்திருக்கலாம், எஸ்எம்பிஎஸ் கைவிட்டிருக்கலாம், இல்லை உறைந்துபோன மெஷினை நீங்களே பட்டனை அழுத்தி நிறுத்தியிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது, அது வேறு வழி. "வியா லாகர்" (WHEA-Logger) என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், ஹார்டுவேரே தன் வாயால் புகார் சொல்கிறது.

சூட்டை எப்படி அளப்பது

டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டும், பிராசஸரின் சூட்டைக் காட்டாது. அதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறக்கும்போது "சென்சார்ஸ் ஒன்லி" என்று டிக் செய்து திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் இப்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம் என்று காட்டும். அதிகபட்சப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். மெஷின் அணைந்துவிட்டால் திரையில் இருந்ததும் போய்விடுமே என்றால், அதிலேயே லாக் எழுதும் பட்டன் இருக்கிறது. அதை ஓடவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படித்தால் சாவதற்கு முன் பிராசஸர் என்ன சூட்டில் இருந்தது என்பது நேரத்தோடு கிடைக்கும். இந்த ஒரு கோப்பு எந்த மெக்கானிக்கின் ஊகத்தையும் விட மேல்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே அணையாது. வேகம் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரேயடியாக அணைத்துவிடும். அதனால் ரைசன் 7000 கனமான வேலையில் 95 தொடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 80, 85 காட்டினால் ஏதோ அடைத்திருக்கிறது, இல்லை பிராசஸர் மேல் இருக்கும் கூலர் சரியாக உட்காரவில்லை.

டெல்லிக்காரர்கள் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. விசிறியும் அதன் அடியில் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்கும் அறையின் காற்றை விடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. 25 டிகிரி அறையில் 80-ல் ஓடிய மெஷின், மாடியில் வெயில் காயும் பர்சாத்தி அறையில் மே மாத மத்தியானம் 40 டிகிரியில் அதே வேலையைச் செய்தால் ஏறத்தாழ 95-க்குப் போய்விடும். மெஷினில் எதுவும் கெடவில்லை, பருவம்தான் மாறியிருக்கிறது.

சென்சார் சொல்வதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்து நாடே பேசியது நினைவிருக்கும், பிறகு வானிலைத் துறை பரிசோதித்து அந்தச் சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று சொன்னது. மதர்போர்டிலும் அப்படி உண்டு. எதனோடும் இணைக்காத ஒரு சென்சார் 127 டிகிரி என்று காட்டிக்கொண்டே இருக்கும், அது வெறும் எண். பிராசஸரின் கோர் வரிகளையும் கிராபிக்ஸ் கார்டின் வரிகளையும் பாருங்கள், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைகிறது. அதற்கு முன் விசிறி இரைகிறது

இது சூடுதான், அநேகமாகத் தூசிதான். முதலில் விசிறிச் சத்தம் கூடும், பிறகு எல்லாம் மந்தமாகும், பிறகு அணையும், உடனே ஆன் செய்தால் இரண்டே நிமிடத்தில் மறுபடி அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டு ஆன் செய்தால் கொஞ்ச நேரம் தாங்கும். இந்த வரிசையில் நடந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால், அல்லது சூடு பத்து டிகிரி இறங்கினால், உள்ளே காற்றோட்டம் இல்லை என்பது உறுதி. சோதனைக்கு மட்டும்தான் இது. ஏப்ரல், மே, ஜூனில் புழுதிக் காற்று வீசும் ஊரில் திறந்தே வைத்தால் ஒரு மாதத்தில் நிலைமை முன்னை விட மோசமாகும்.

சுத்தம் செய்வது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் வெளியே துடைத்துவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள், மெஷினை பால்கனிக்கு எடுத்துப் போங்கள். பிராசஸர் மேல் இருக்கும் விசிறியைப் பார்த்தால் இறக்கைகளில் கொஞ்சம் தூசிதான் தெரியும். விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது. விசிறியைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு மேலே தூசியும் தலைமுடியும் பஞ்சும் சேர்ந்து ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று அந்தப் படலத்தைத் தாண்டிக் கீழே போவதே இல்லை, அதனால்தான் சத்தம் மட்டும் கூடுகிறது, சூடு குறைவதில்லை. அதை எடுத்த பிறகு ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது எந்த விசிறியையும் விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து காற்று அடித்தால் போதும், அதன் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். ஈரத்துணி வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் சூடு இறங்கவில்லை, மெஷின் வாங்கி நாலைந்து வருடம் ஆகிவிட்டது என்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கூலரைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு என்றால் ஒரு எச்சரிக்கை: மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு அணைத்து, கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும்.

அறைக்கு வைக்கும் ஏர் கூலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அறையின் சூட்டைக் குறைப்பது மெஷினுக்கு நல்லதுதான், ஆனால் அதன் காற்று நேராகக் கேபினட் மேல் அடிக்கும்படி வைக்காதீர்கள். அதன் ஈரப் பட்டையிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகள் மதர்போர்டுக்கு ஆகாது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில் வையுங்கள், பின்பக்கம் சுவரை ஒட்ட வேண்டாம்.

ஆன் செய்த சில நொடிகளிலேயே அணைகிறது

தூசி இவ்வளவு வேகமாகக் கொல்லாது. கூலர் பிராசஸரைத் தொடவே இல்லை என்றால்தான் இப்படி நடக்கும். வீடு மாறி, மெஷின் டெம்போவில் முனிர்க்காவிலிருந்து துவாரகாவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் இந்தக் கோளாறு வந்தால் முதலில் கூலரைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். இன்டெல்லோடு வரும் கூலருக்கு நாலு மூலையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் முனைகள் உண்டு, அழுத்தினால் "டக்" என்று உட்கார வேண்டும். ஒரு முனை விடுபட்டாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது, போர்டின் பின்பக்கத்தில்தான் தெரியும். புதிதாக அசெம்பிள் செய்த மெஷின் என்றால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தை உரித்தார்களா என்று கேளுங்கள், விசிறியின் வயர் "சிபியு ஃபேன்" என்று எழுதிய இடத்தில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் கூலர் வைத்திருந்தால் பம்ப் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், லேசான அதிர்வு தெரிய வேண்டும்.

சரியாக நாலு நொடியில் அணைந்தால் பவர் பட்டன் உள்ளேயே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் மெஷின் அணைய வேண்டும் என்பது விதி, சிக்கிய பட்டனும் அதைத்தான் செய்கிறது.

சூடு சாதாரணம், ஆனால் கேமோ வீடியோ ரெண்டரோ தொடங்கியதும் அணைகிறது

லாக் கோப்பில் கடைசி வரி 60, 65 டிகிரி என்று இருக்கிறது, நீலத் திரையும் இல்லை, விளக்கை அணைத்த மாதிரி போய்விடுகிறது என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத "450 வாட்" பெட்டியை வைத்துக்கொண்டு அதன் மேல் புது கிராபிக்ஸ் கார்டு போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். கார்டு ஒரே நொடியில் இழுக்கும் மின்சாரம் அதன் சராசரியை விட ரொம்ப அதிகம், மலிவான எஸ்எம்பிஎஸ் அந்த ஒரு நொடியைத் தாங்காமல் தன் பாதுகாப்புக்காக அணைத்துக்கொள்கிறது. 12 வோல்ட் வயரில் 11.4-லிருந்து 12.6 வரை இருக்கலாம், அதற்குள் நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும், மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப முடியாது. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் நண்பர் ஒருவரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சுலபம். ஆனால் வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால் பழைய வயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள், ஒரு கம்பெனியின் வயர் இன்னொன்றில் சொருகிக்கொள்ளும், ஆனால் உள்ளே வரிசை வேறாக இருந்தால் டிஸ்க்கும் போர்டும் எரியும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். மற்ற பாகம் கெட்டால் அது ஒன்றுதான் போகும், இது கெட்டால் கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

பெரிய கார்டுகளில் மின்சாரக் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியபோது, பலவற்றில் அது கடைசி வரை சொருகப்படவில்லை என்பதுதான் காரணம் என்று என்விடியா சொன்னது.

விளக்கு மினுக்கும்போது, ஏசி ஓடத் தொடங்கும்போது, பவர் கட் ஆனதும் ரீஸ்டார்ட்

மெஷினைத் தொடவே வேண்டாம், கோளாறு சுவர் பக்கத்தில் இருக்கிறது. வீட்டு இன்வர்ட்டரில்தான் ஓடுகிறது என்றால் அதன் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று. நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேர இடைவெளியை டியூப் லைட் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. யூபிஎஸ் மோடில் போடுங்கள்.

தனி யூபிஎஸ் இருந்தும் அணைகிறது என்றால் பேட்டரி வயதைப் பாருங்கள், இரண்டு மூன்று வருடத்தில் அது தீர்ந்துவிடும், டெல்லி வெயிலில் இன்னும் சீக்கிரம். பேட்டரி புதிது என்றால் சுமையைப் பாருங்கள். கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் கொடுக்கக்கூடியது 360 வாட் மட்டுமே, கேமிங் மெஷினுக்கு அது பற்றாது. லேசர் பிரிண்டரை அதில் சொருகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. வாடகை வீடு, ஓனரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிடாதீர்கள், இது மெஷினைப் பற்றிய கவலை மட்டும் அல்ல, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது துளையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நீலத் திரை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோட்

ஒரே கோட், ஒரே டிரைவரின் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் மென்பொருள். இன்று "மெமரி மேனேஜ்மென்ட்", நாளை "பேஜ் ஃபால்ட்", மறுநாள் "ஐஆர்க்யூஎல்" என்று மாறி மாறி வந்தால், பெரிய கோப்பை விரித்தெடுக்கும்போது எரர் வந்தால், பிரவுசர் டேப்கள் தாமாக விழுந்தால் ரேம்.

பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், ஃபார்மேட் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்கும் இடம் இதுதான். போடாதே என்பதுதான் என் பதில். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால் ஏறும்போதே கோப்புகள் கெட்டுப்போகும், ஒரு வாரத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பாய், போனது உன் டேட்டா மட்டும். அதற்குப் பதில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிடு. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், இத்தனை வரை பரவாயில்லை என்ற கணக்கு ரேமுக்குக் கிடையாது.

எரர் வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓட வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே மெஷினில் ஓடும் அமைப்பு) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று வேகம் கூட்டியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் வந்தால் ரேம் குச்சிகளைக் கழற்றி, தங்க நிறப் பல்லை ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு குச்சியாக, முதலில் ஒரே ஸ்லாட்டில், பிறகு மற்ற ஸ்லாட்களிலும் போட்டு ஓட்டுங்கள். ஒரு குச்சி எந்த ஸ்லாட்டிலும் எரர் காட்டினால் குச்சி கெட்டது, எந்தக் குச்சியும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் எரர் காட்டினால் போர்டு. பில்லைத் தேடுங்கள், பல கம்பெனிகள் ரேமுக்கு நீண்ட வாரண்டி தருகின்றன, யாரும் கேட்டு வாங்குவதில்லை.

ரேம் சுத்தமாக இருந்து, "வியா அன்கரெக்டபிள் எரர்" வந்துகொண்டே இருந்தால் பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. இதில் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஐ7, ஐ9, கவனமாக இருங்கள். அவை தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நாளடைவில் கெட்டுப்போவதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. பயாஸை உடனே அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அப்டேட் சரிசெய்யாது, கேம் ஏறும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று காரணமில்லாமல் வந்துகொண்டிருந்தால் வாரண்டியில் மாற்றக் கேளுங்கள்.

திரை கறுப்பாகிறது, பாட்டு மட்டும் ஓடுகிறது

கிராபிக்ஸ் கார்டு, அல்லது வெறும் கேபிள். கேபிளை மாற்றிப் பாருங்கள், மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு அதில் ஒரு நாள் ஓட்டுங்கள். டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். திரையில் கலர் கலராகக் கட்டங்களும் கோடுகளும், அதுவும் பயாஸ் திரையிலேயே வந்தால் கார்டின் மெமரி போய்விட்டது. அதை அடுப்பில் வைத்து, ஹீட் கன்னால் சூடாக்கிச் சரிசெய்கிறோம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள், ஒரு மாதம் ஓடும், அவ்வளவுதான்.

நிமிடக்கணக்கில் உறைந்து நின்று பிறகு விழுகிறது

மவுஸ் நகர்கிறது, எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது என்றால் டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் "ரீஅலோகேட்டட்", "பெண்டிங்" வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. "சிஆர்சி எரர்" மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது, சாட்டா கேபிளை மாற்றினால் முடிந்தது. பழைய டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் மெஷினை அணைத்துவிட்டு, பேக்கப் இல்லை என்றால் டேட்டா மீட்பவரிடமே நேராகப் போங்கள், வீட்டில் இன்னொரு முறை முயற்சி செய்ய வேண்டாம்.

லேப்டாப் என்றால்

மெத்தையில், தலையணையில் வைத்து ஓட்டாதீர்கள், காற்று இழுக்கும் துளை அடியில்தான் இருக்கிறது. பின்பக்கத்தை இரண்டு இன்ச் தூக்கி வைத்தாலே சூடு இறங்கும். பல லேப்டாப்களில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் "மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்" என்று இருக்கும், அதை 100-லிருந்து 99 ஆக்கினால் பிராசஸர் அவ்வப்போது கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும், சூடும் சட்டென்று குறையும். கோடையில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு டர்போ தேவையே இல்லை. டச்பேட் மேலே எழும்பியிருந்தால், அடிப்பகுதி மேஜையில் சமமாக உட்காரவில்லை என்றால் பேட்டரி ஊதியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் அது, அன்றே மாற்ற வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்

மென்பொருளா ஹார்டுவேரா என்று இன்னும் குழப்பமாக இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, "டிரை" என்பதைத் தேர்ந்து, நிறுவாமலே ஒரு மாலை முழுக்க ஓட்டுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸை எத்தனை தடவை ஃபார்மேட் செய்தும் பலனில்லை.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்கு எடுத்துப் போனால் காகிதத்தையும் லாக் கோப்பையும் நீலத் திரைப் படங்களையும் கூடவே கொண்டுபோங்கள். "ஆன் ஆகி அரை மணியில் அணைகிறது, பிராசஸர் 100 தொடுகிறது, தூசி எடுத்தாகிவிட்டது, பேஸ்ட் மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்பவரிடம் மதர்போர்டு விற்பது கஷ்டம். ரேம், டிஸ்க், கார்டு ஆகியவற்றின் சீரியல் எண் ஸ்டிக்கரைக் கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பாகத்துக்கு ஜிஎஸ்டி பில் கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போவது நல்லது, ஒரு பள்ளத்தில் ஆட்டோ இறங்கினால் ஸ்லாட் உடையும். வேலை முடிந்ததும் ஆன் ஆகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். எந்த வேலையில் அணைந்ததோ அதே வேலையை, அங்கேயே, எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.